மறு: ஹோஸ்ட்நேம்: 'கணிப்பெயர்' சரிவருமா?

வணக்கம் அண்ணா,

ஹோஸ்ட்நேம், அதாவது வலையில் ஒரு கணினிக்கு வைக்கும் பெயர், அதைத் தமிழில் 'கணிப்பெயர்' என்கலாமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் எழுதிய பதில்:

> 'புரவலன் பெயர்' என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்களே, அதையே வைத்துக்கொள்வோம்.

அதுதான் வேண்டாம் என்கிறேன். புரவலன் என்றால் கொடுத்துக் காப்பவன். 1969இல் வந்த முதல் ஆர்எஃப்சியின் (இணையத் தொழில்நுட்பக் குறிப்பு வரிசை) தலைப்பே 'ஹோஸ்ட் சாஃப்ட்வேர்'. அங்கே வலையில் கோத்த கணினிதான் ஹோஸ்ட்; அது யாருக்கும் சேவை தர வேண்டியதில்லை.

குன்னூரில் நான் சொல்லிக்கொடுக்கும் ஆய்வகத்தில் எல்லாக் கணினியும் ஒரே நகலிலிருந்து நிறுவியவை. அதனால் ரவுட்டர் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பிள்ளைகள் மலை ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாக வைத்தார்கள்: வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். 'சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் கேத்தி' என்று அடித்து, புது டெர்மினல் திறந்ததும் பெயர் மாறியிருந்தது. அடுத்த சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும்) கட்டளைக்கே 'அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்', அதாவது இந்தப் பெயருக்கு முகவரி தெரியவில்லை என்று எச்சரிக்கை வந்தது. உபுண்டுவில் பெயருக்கு முகவரி சொல்லும் '/இடிசி/ஹோஸ்ட்ஸ்' கோப்பில், கணினி தன்னையே குறிக்கும் 127.0.1.1 வரியில் பழைய பெயரே இருந்ததுதான் காரணம். "புரவலன் பெயரை அங்கேயும் மாற்று" என்றேன். "எந்தப் புரவலன்? சர்வரா?" என்று கேட்டாள் ஒரு மாணவி. கேட்டது நியாயமே. "கணிப்பெயரை மாற்று" என்றிருந்தால் அவளே மாற்றியிருப்பாள்.

கணித்தமிழ் என்று சொல்லிப் பழகிவிட்டதால் 'கணி' யாருக்கும் புதிதல்ல. டொமைனுக்குக் களப்பெயர் என்று சிலர் எழுதுவதோடும் இது இசைகிறது. 'கணினிப் பெயர்' என்றால் டெல், லெனோவோ என்று பதில் வரும்.

இன்னொன்று, லினக்ஸில் இந்தக் கணிப்பெயரில் மூன்று வகை உண்டு: நிலையாக எழுதி வைக்கும் ஸ்டேட்டிக், மனிதர் பார்க்க வைக்கும் ப்ரெட்டி, தற்காலிகமாக வரும் டிரான்சியன்ட். ஸ்டேட்டிக்குக்கு இயற்பெயர், ப்ரெட்டிக்குக் காட்சிப்பெயர் என்று நினைக்கிறேன். காட்சிப்பெயரில் 'தொட்டபெட்டா' என்று தமிழிலேயே எழுதலாம். இயற்பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது, 64 எழுத்துக்குள். டிரான்சியன்டுக்குத்தான் சொல் அமையவில்லை.

---

தம்பி,

கணிப்பெயருக்குச் சம்மதம். புரவலனை விட்டுவிடுகிறேன்.

இயற்பெயர் மட்டும் வேண்டாம். அது பிறந்தபோது வைத்தது, மாறாதது என்று தொனிக்கும்; நாம் பேசுவதோ மாற்றுவதைப் பற்றி. '/இடிசி/ஹோஸ்ட்நேம்' கோப்பில் எழுதி வைப்பதால் மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்கிறது, ஆகவே நிலைப்பெயர். டிரான்சியன்டுக்கு இரவற்பெயர் என்று போடுங்கள். டிஹெச்சிபி (வலையில் சேரும் கணினிக்குத் தானாக முகவரி தரும் முறை) குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் முகவரிக் குத்தகையோடு வரும், அணைத்தால் போய்விடும். நிலைப்பெயர் இருந்தால் அதற்கு வேலையே இல்லை. கூடலூரில் என் மடிக்கணினிக்கு நிலைப்பெயர் வைக்காமல் விட்டபோது ரவுட்டர் கொடுத்த பெயரில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் நான்கையும் சேர்த்துவிடுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.