பல்காரணி அங்கீகாரமா, பல்சான்று உறுதிப்பாடா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்டே கணக்கைத் திறக்கும் முறைக்கு (multi-factor authentication) எந்தத் தமிழ்ச்சொல் ஏற்றது என்ற நம் உரையாடலைத் தொடர்கிறேன்.

> 'பல்காரணி அங்கீகாரம்' நிலைத்துவிட்டது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைச்சொற் பட்டியல்களில் நிலைத்திருக்கலாம், ஐயா. கொழும்பு வெள்ளவத்தையில் நான் கணினி உதவி செய்யும் மூத்தவர்களிடம் அது நிலைக்கவே இல்லை. அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் முகில் சேமிப்பகம் (இணையவழிக் கோப்புச் சேமிப்பு) திறக்க மறுத்தது. கடவுச்சொல் சரி. கைபேசிச் செயலி காட்டிய ஆறிலக்க எண்ணையும் பிழையின்றித்தான் இட்டார். 'அங்கீகாரம் தோல்வி' என்று திரையில் கண்டதும் யாரோ தம் கணக்கைப் பறித்துவிட்டதாகக் கலங்கிப்போனார். அங்கீகாரம் என்பது மேலிடம் தருவது அல்லது மறுப்பது என்றுதானே பழகியிருக்கிறோம்?

பிழை கைபேசிக் கடிகாரத்தில் இருந்தது. பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அதை ஐந்து நிமிடம் முந்தி வைத்திருந்தார். இரகசியச் சாவியையும் நேரத்தையும் சேர்த்தே செயலி 30 செக்கனுக்கு ஒரு புதிய எண்ணைக் கணிக்கிறது. நேரம் பிசகினால் வழங்கி (சேவையின் மையக் கணினி, server) கணித்த எண்ணோடு அது பொருந்தாது. தானியங்கி நேரத்தை இயக்கியதும் கணக்கு திறந்தது.

ஆகவே 'பல்சான்று உறுதிப்பாடு' என்று முன்மொழிகிறேன். நாம் அறிந்தது (கடவுச்சொல்), நம் கையில் இருப்பது (கைபேசி), நம் உடலில் உள்ளது (கைரேகை) என்று சான்று மூவகை. "எந்தச் சான்று தவறியது?" என்று கேட்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். 'அங்கீகாரம்', நுழைந்தபின் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதற்கு இருக்கட்டும்.

> எண்மச் சான்றிதழோடு (digital certificate) குழம்பாதா?

குழம்பாது. சான்றிதழ் ஒரு பத்திரம். சான்று என்பது மெய்ப்பிக்கக் காட்டுவது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் நம் நீதிமன்றங்கள் ஆளும் சொல்லும் இதுவே.

---

(குழும உறுப்பினர் ஒருவரின் மறுமொழி)

தம்பி, 'சான்று' எனக்கு உடன்பாடு. 'உறுதிப்பாடு' மட்டும் இடறுகிறது. மனவுறுதிக்கும் அதையே சொல்கிறோம். 'பல்சான்றுச் சரிபார்ப்பு' ஆகாதா? 'இருபடிச் சரிபார்ப்பு' பலர் கைபேசியில் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. கைபேசி தொலைந்தால் கைகொடுக்கும் எண்களைக் 'காப்புக் குறியீடு' என்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் என் அயலவர்கள் அதைக் கோப்புகளின் காப்புநகல் என்றெண்ணிக் கடந்துவிடுகிறார்கள். 'கைவசச் சான்றெண்' என்போம். முன்கூட்டியே தாளில் எழுதி வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும் என்ற விளக்கத்தையும் சொல்லடைவில் சேர்த்துவிடுங்கள்.