டீட்டன் பாஸ் இறக்கத்தில் மோட்டார்ஹோம்: எந்த கியர், எப்படி பிரேக்?

சேலத்துக்காரன்:
வணக்கம். செப்டம்பர்ல சால்ட் லேக் சிட்டியில 28 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வேன் அடிச்சட்டத்து மேல வீடு கட்டின வண்டி) வாடகைக்கு எடுத்து கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் போறோம். ஃபோர்டு இ-450, 7.3 லிட்டர் பெட்ரோல், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். பெரியவங்க 4 பேர், பசங்க 2 பேர். பின்னாடி கார் இழுக்கல. ஐடஹோ ஃபால்ஸ்ல ஒரு வேலை இருக்கு. அங்கிருந்து ஜாக்சனுக்கு மேப் காட்டுற வழி விக்டர், டீட்டன் பாஸ்ங்கிற மலைக்கணவாய், வில்சன். 10% இறக்கமாம் (100 அடி போனா 10 அடி இறங்கும்). கார்ல மலை இறங்கின பழக்கம் உண்டு, இவ்வளவு பெரிய வண்டியில இல்லை. எந்த கியர்ல இறங்கணும்? இன்ஜின் 4,000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 4,000 சுத்து) கத்தினா கெட்டுப்போகுமா? பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போகலாமா, விட்டு விட்டு மிதிக்கணுமா?

ரூட்மேப்:
முதல்ல வழியை மாத்துங்க. ஐடஹோ ஃபால்ஸ்ல இருந்து யு.எஸ். 26-ல ஸ்வான் வேலி வரும்போது ஜிபிஎஸ் இடது பக்கம் ஐடஹோ 31-ல திருப்பச் சொல்லும். திரும்பாதீங்க. 26-லயே பாலிசேட்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஆல்பைன் போய், ஸ்நேக் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா ஹோபேக் ஜங்ஷன், ஜாக்சன். இருபது இருபத்தைந்து மைல் கூடும், அவ்வளவுதான். பாஸ் வழியில வேகமே எடுக்க முடியாது, அதனால நேரத்துல பெரிய நஷ்டம் இல்லை. கார் ஜிபிஎஸ்ஸுக்கு வண்டி எடை தெரியாது. அதுல இருக்கிற வழியை மோட்டார்ஹோம் வழின்னு நம்பக் கூடாது.

பழைய_மெக்கானிக்:
வழி மாத்துறது சரி. ஆனா ராக்கி மலையில சுத்துறவருக்கு இறங்கத் தெரியாம முடியாது. டென்வர் பக்கம் ஐ-70-ல ஐசன்ஹவர் சுரங்கத்துக்கு மேற்கேயும், வெய்ல் பாஸ்லயும் நெடுஞ்சாலையே 7% இறங்குது. அதனால டீட்டன் பாஸையே கணக்குக்கு வெச்சுச் சொல்றேன்.

உச்சி 8,431 அடி, வில்சன் ஏறக்குறைய 6,150 அடி. இ-450 நிறைய ஏத்தினா 14,500 பவுண்டு, அதாவது 6,580 கிலோ. இவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கினா வெளியாகிற சக்தி சுமார் 12 யூனிட் மின்சாரம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துல அது வெப்பமா எங்கேயாவது போய்த்தான் ஆகணும். காத்தும் டயரும் கொஞ்சம் தின்னும். இன்ஜின் வழியா விட்டா சைலன்சர்லயும் ரேடியேட்டர்லயும் வெளியேறிடும். பிரேக்ல விட்டா நாலு டிஸ்க்லயே தங்கும்.

வேகத்தை உச்சியிலயே முடிவு பண்ணிடணும். 10% இறக்கத்துக்கு மணிக்கு 25-30 மைல். அந்த வேகத்துக்கு வந்த பிறகு கியரைக் குறைச்சுட்டுத்தான் இறக்கத்துல நுழையணும். வேகம் ஏறின பிறகு கியரைக் குறைச்சா, ஆர்பிஎம் எல்லை தாண்டும்னு கம்ப்யூட்டர் மறுத்துடும். அப்போ பிரேக் ஒண்ணுதான் துணை.

உங்க வண்டியில 2-ம் கியர்ல 30 மைல் போனா ஏறக்குறைய 3,800 ஆர்பிஎம். 3-ம் கியர்ல 2,500 தான், அது பிடிக்காது. அதனால 2. கியர் தண்டு நுனியில இருக்கிற டோ-ஹால் (பாரம் இழுக்கிறப்போ போடுற) பட்டனையும் போட்டுடுங்க. அது போட்டிருந்தா பிரேக்கைத் தொட்டதும் வண்டி தானே கியரைக் குறைக்கும், ஆனா செங்குத்தான இறக்கத்துல அதை மட்டும் நம்பாம கையால 2-ல வைங்க. 4,000 ஆர்பிஎம் பத்தி பயம் வேண்டாம். அந்த இன்ஜின் முழு சக்தியைத் தர்றதே அதை ஒட்டித்தான். இறக்கத்துல ஆக்சிலரேட்டர்ல கால் இல்லாதப்போ பெட்ரோலும் நின்னுடும். காதுக்குத்தான் கஷ்டம். டேக்கோமீட்டர்ல சிவப்புக் கோட்டைத் தொடாம இருந்தா போதும்.

பிரேக்: 30 தொட்டதும் உறுதியா மிதிச்சு, மூணு செகண்டுல 25-க்குக் கொண்டு வந்து, காலை முழுசா எடுத்துடுங்க. திரும்ப 30 வரைக்கும் ஏற விடுங்க. அமெரிக்க லாரி லைசன்ஸ் கையேட்டுல இருக்கிற முறையும் இதேதான். லேசா மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக் பேட் டிஸ்க்கை விட்டுப் பிரியவே பிரியாது.

கணக்குப்புள்ள:
மெக்கானிக் சார், ஒரு திருத்தம். அதே சராசரி வேகத்துல இறங்கினா பிரேக்குக்குப் போற மொத்த வெப்பம் ரெண்டு முறையிலயும் ஒண்ணுதான். விட்டு விட்டு மிதிக்கிறதோட உண்மையான லாபம் வேற: கியர் சரியான்னு அது காட்டிக் கொடுக்கும். ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவுல எத்தனை செகண்டு கிடைக்குதுன்னு எண்ணுங்க. பத்து, பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை மிதிக்க வேண்டியிருந்தா கியர் பத்தலை. 20 மைலுக்குக் குறைச்சு இன்னும் ஒண்ணு கீழே போடுங்க. லேசா அழுத்திக்கிட்டே வர்றவருக்கு இந்தத் தகவலே கிடைக்காது.

இன்னொண்ணு. "ஏறுன கியர்லயே இறங்கு"ன்னு நம்ம ஊர் லாரிக்காரங்க சொல்றது பழைய இன்ஜினுக்குப் பொருந்தும். இன்னிக்கு இன்ஜினுக்கு பலம் அதிகம், 3-ம் கியர்லயே ஏறிடும். அதே 3-ல இறங்கினா வண்டி பிடிபடாம ஓடும். ஒண்ணு குறைச்சே போடுங்க.

சேலத்துக்காரன்:
ரொம்ப நன்றி. 26 வழியாவே போறோம். பிரேக் சூடாயிடுச்சுன்னு எப்படித் தெரியும், தெரிஞ்சா என்ன செய்யணும்?

பழைய_மெக்கானிக்:
கணக்குப்புள்ள சொன்னது சரி, ஏத்துக்கிறேன்.

முதல்ல வாடை வரும், எரிஞ்ச கிளட்ச் மாதிரி காரமா. அதுக்கப்புறம் ரெண்டு விதமாக் கெடும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கு. பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போனா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ளே ஆவிக் குமிழி வந்திருக்கு. ரெண்டாவதுதான் ஆபத்து. டாட் 3 வகை பிரேக் ஆயிலுக்குப் புதுசுல குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்துட்டா 140 வரைக்கும் இறங்கலாம். அதனாலதான் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது. வாடகை வண்டின்னா கடைசியா எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க.

வாடை வந்தா அடுத்த ஒதுங்கிடத்துல நிறுத்தி, கியரை பார்க்குல போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. பெடலை மிதிச்சுக்கிட்டே உட்காராதீங்க. சூடு அப்படியே ஆயிலுக்குப் போகும். தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளையும், விரிசலும் விடும். அரை மணி நேரம் ஆற விடுங்க. பெடல் பஞ்சாப் போனப்போ வண்டி ஓடிக்கிட்டிருந்தா வேகமா பம்ப் பண்ணுங்க, கியரை ஒவ்வொண்ணாக் குறைங்க. அப்பவும் நிக்கலைன்னா பிரேக் போன லாரி தப்பிக்கிறதுக்குன்னு ஓரத்துல போட்டிருக்கிற சரளைப் பாதை வந்ததும் யோசிக்காம நேரா நுழைங்க. அது லாரிக்கு மட்டும்னு இல்லை. டீட்டன் பாஸ்ல ஜாக்சன் பக்கம் வலை போட்டுப் பிடிக்கிற அமைப்பே இருக்கு.

ரூட்மேப்:
எடையையும் குறைச்சுக்கோங்க. 40 கேலன் நல்ல தண்ணி டேங்க் நிறைஞ்சா 330 பவுண்டு. மலைக்கு முன்னாடி கழிவுத் தொட்டிகளைக் காலி பண்ணிட்டு, நல்ல தண்ணியைக் கால்வாசி மட்டும் வைங்க. யெல்லோஸ்டோன்ல ஃபிஷிங் பிரிட்ஜ்ல நிரப்பிக்கலாம். பின் சக்கரம் ஜோடி டயர். உள்பக்க டயரோட காத்தை யாரும் பார்க்கிறதில்லை. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது, நாலையும் கேஜ் வெச்சுப் பாருங்க. வால்வு கைக்கு எட்டலைன்னா வண்டி வாங்குற அன்னிக்கே நீட்டுக்குழாய் கேட்டு வாங்கிடுங்க.

கணக்குப்புள்ள:
பின்னாடி கார் வரிசை சேர்ந்தா பதறி வேகத்தைக் கூட்டாதீங்க. ஒதுங்கிடத்துல விட்டுட்டுத் திரும்ப 2-ம் கியர்லயே கிளம்புங்க. கிளம்புறப்போ டி-ல போட்டு மறந்துட்டா அடுத்த வளைவுலயே 45 மைல் காட்டும்.