கலைச்சொல் தேவை: ஹீட் பம்ப் வோட்டர் ஹீட்டர் (வெள்ளிக்குள்)

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், ஸ்காபரோ

அன்புடையீர்,

ரொறன்ரோத் தமிழ் வீட்டுக்காரருக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேஸ்மென்ரில் நிற்கும் பழைய எரிவாயு வோட்டர் ராங்கைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வோட்டர் ஹீட்டர் வைப்பது பற்றியது. வரைவில் "வெப்பப் பம்பி நீர்சூடாக்கி" என்று எழுதியிருந்தோம். மெய்ப்புப் பார்த்த இருவருமே அதைச் சுடுநீரைக் குழாயில் தள்ளும் பம்ப் என்று விளங்கிக்கொண்டார்கள். அப்படியொரு கருவி உண்மையிலேயே உண்டு: தூரத்துக் குளியலறையில் சுடுதண்ணி உடனே வருவதற்காகக் குழாயில் நீரைச் சுற்றவிடும் சிறு பம்ப். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர் விலை கேட்கும்போதே குழம்பிவிடுவார்.

அனோட் றொட் (தொட்டியை அரிப்பிலிருந்து காப்பது), ரிலீஃப் வால்வ் (அழுத்தம் மிஞ்சினால் திறப்பது), மிக்சிங் வால்வ் (சுடுநீரில் குளிர்நீர் கலப்பது) ஆகியவற்றுக்கும் சொல் தந்து உதவுங்கள்.

---

அனுப்புநர்: குளிர்பதனத் துறை ஆசிரியர், கோவை

வணக்கம். கருவி செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடுவோம். தொட்டியின் தலையில் விசிறியும் கம்ப்ரசரும் இருக்கின்றன. விசிறி அறைக் காற்றைச் சுருள் மீது இழுக்கிறது. சுருளுக்குள் இருக்கும் குளிர்பொருள், பல மாடல்களில் ஆர்-134ஏ, அந்தக் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்த, அதன் வெப்பநிலை ஏறுகிறது. தொட்டியைச் சுற்றிய இன்னொரு சுருளில் வெப்பத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகி, அழுத்தத்தைக் குறைக்கும் விரிவு வால்வு வழியே திரும்புகிறது. ஃப்ரிட்ஜில் நடப்பதும் இதே சுழற்சிதான். அங்கே வேண்டியது குளிர், இங்கே வேண்டியது சூடு.

இப்போது கணக்கு. 189 லிட்டர் நீரை 5 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 12 யூனிட் வெப்பம் வேண்டும். சாதாரண எலிமெண்ட் ஹீட்டர் அந்த 12 யூனிட்டையும் மீட்டரிலிருந்தே எடுக்கும். செயல்திறன் கெழு, அதாவது எடுக்கும் மின்சாரத்தைப்போல் எத்தனை மடங்கு வெப்பம் தருகிறது என்ற எண், 3 என்றால் இந்தக் கருவி எடுப்பது 4 யூனிட். மீதி 8 யூனிட் அறைக் காற்றிலிருந்து வருகிறது. வெப்பம் இங்கே உண்டாக்கப்படவில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. இது சொல்லில் தெரியாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை. "வெப்பமேற்றி" வேண்டவே வேண்டாம். அது எல்லா ஹீட்டருக்கும் பொருந்தும். "வெப்பமாற்றி" என்றால் வெப்பப் பரிமாற்றியோடு (ஹீட் எக்ஸ்சேஞ்சர்) குழம்பும்.

---

அனுப்புநர்: பௌதிக ஆசிரியர், யாழ்ப்பாணம்

அன்பின் ஐயா, உங்கள் கணக்கிலேயே சொல் இருக்கிறது. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுவதற்குத் தமிழில் "இறைத்தல்" என்றுதான் பெயர். துலா மிதித்து இறைத்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை: நீர் தானாகப் பள்ளத்துக்குத்தான் போகும், மேட்டுக்கு வரவேண்டுமென்றால் ஆள் வேலை செய்யவேண்டும். வெப்பமும் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே போகும். எதிர்த்திசையில் கொண்டுவரக் கம்ப்ரசர் வேலை செய்கிறது. இந்தக் கருத்தை 1852இலேயே பௌதிக அறிஞர் கெல்வின் எழுதிவிட்டார்.

ஆகவே: வெப்ப இறைப்பி. "பம்பி" எங்கள் பாடநூலில் இருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் அது ஆங்கில ஒலிக்கு விகுதி ஒட்டியதே தவிர வேறில்லை.

---

அனுப்புநர்: தமிழாசிரியர், மதுரை

நண்பர்களே, தொட்டியை மறந்துவிட்டுப் பம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். குறுந்தொகை 277இல் ஓரிற்பிச்சையார், "அற்சிர வெய்ய வெப்பத் தண்ணீர் சேமச் செப்பிற் பெறீஇயரோ" என்கிறார். அற்சிரம் என்பது முன்பனிக் காலம். சேமச் செப்பு, சூடு போகாமல் காக்கும் கலம். இதைவிடப் பொருத்தமான பெயர் இந்தக் கருவிக்கு எங்கே கிடைக்கும்? தொட்டி என்பது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் திறந்த பொருளுக்கும் பெயர்.

இன்னொன்றும் பாருங்கள். "வெப்பத் தண்ணீர்" என்கிறார் புலவர். அப்போதே "தண்ணீர்" தன் தண்மையை விட்டு வெறும் நீருக்குப் பெயராகிவிட்டது. ஆகவே "சுடுதண்ணி" என்பதைப் பிழை என்று திருத்துவோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். "வெய்ய" என்பது இங்கே விருப்பம். உரியியலில் "வெம்மை வேண்டல்" என்று தொல்காப்பியரே சொல்கிறார். வெம்மையும் விருப்பமும் ஒரே வேரில் நிற்பதைக் கொண்டு "வெய்யி" என்று ஒரு கருவிப்பெயரை ஆக்கலாம். வெய்யில், வெயில், வெய்யோன் எல்லாம் அதன் உறவு. "சேமவெய்யி" என்றால் காத்துச் சூடாக்குவது. மூவசைச் சீர் போல நாவில் நிற்கிறது.

---

அனுப்புநர்: குழாய் வேலைக்காரர், மார்க்கம்

ஐயா, பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் "செப்பு" என்று அச்சடித்தால் இங்கே எல்லோரும் செம்புத் தொட்டி என்றுதான் வாசிப்பார்கள். தொட்டி உருக்கு, உட்புறம் கண்ணாடிப் பூச்சு. வீட்டுக் குழாய்தான் செம்பு. அந்தச் செம்பை உருக்கு வாயில் நேரே பூட்டினால் சந்தில் அரிப்புப் பிடித்து ஒழுகும். நடுவே டை-எலெக்ட்ரிக் யூனியன், அதாவது இரண்டு உலோகமும் தொடாமல் பிரிக்கும் இணைப்பு, போடவேண்டும். கையேட்டைப் பார்த்துத் தானே பூட்டுகிறவர் இருக்கிறார், செம்பா உருக்கா என்பதில் அவருக்குச் சந்தேகம் வரக்கூடாது.

சொல்லை எப்படியாவது முடியுங்கள். கீழே உள்ளவை தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். வரைவில் இவை அரைப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

அறை: கம்பனிகள் கேட்பது 700 முதல் 1000 கன அடிக் காற்று. பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் 800 கன அடி. அலமாரிக்குள் அடைத்தால் தான் குளிரவைத்த காற்றையே திரும்ப இழுத்து, தொட்டிக்குள் துணையாக இருக்கும் எலிமெண்டுக்குத் தாவிவிடும், மின்சார மிச்சமும் போயிற்று. கதவில் சட்டமிட்ட இடைவெளி விடவேண்டும். அறை ஓரிரு பாகை குளிரும், கோடையில் ஈரமும் குறையும். ஆனால் குளிர்காலத்தில் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் கொடுத்தது. இதை மறைக்காமல் எழுதுங்கள்.

மின்சாரம்: பெரும்பாலானவற்றுக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர், 10 கேஜ் கம்பி. எரிவாயு ராங்க் நின்ற இடத்தில் இது இருக்காது. எரிவாயுக் குழாயை உரிமம் உள்ளவர்தான் அடைக்கவேண்டும். பழைய ஃபேர்னஸும் ராங்கும் ஒரே புகைபோக்கியில் விட்டிருந்தால், ராங்க் போனபின் அந்தப் புகைபோக்கி தனி ஃபேர்னஸுக்குப் பெரிதாகிவிடும். புகை குளிர்ந்து உள்ளே நீர் கோத்துச் செங்கல்லை அரிக்கும். அதற்கு உட்குழாய் இறக்கவேண்டி வரலாம். இந்தச் செலவைப் பலர் வேலை தொடங்கியபிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

பழையதைக் கழற்றும்போது: எரிவாயுவை நிறுத்தி, குளிர்நீர் வால்வை மூடி, மேல்மாடியில் ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறக்கவேண்டும். காற்று போகாவிட்டால் நீர் இறங்காது. அடியில் வண்டல் அடைத்தால் குளிர்நீர் வால்வைச் சற்றுத் திறந்து மூடினால் கலைந்து வரும்.

புதியது: படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நிமிர்த்தி 24 மணிநேரம் விடவும், கம்ப்ரசர் எண்ணெய் இடத்துக்குத் திரும்பவேண்டும். தொட்டி நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்றுக் குமிழ் வருவது நின்ற பிறகே மின்சாரம். வெறும் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் சில விநாடியில் எரிந்துவிடும். வழியும் ஒடுக்க நீரை (காற்று குளிரும்போது சுருளில் கோக்கும் நீர்) தரை வடிகாலுக்கு விடவும், வெளிச்சுவருக்கு வெளியே விடாதீர்கள், தையில் உறைந்து அடைக்கும்.

வாடகை ராங்க் என்றால் ஒப்பந்தத்தை முடிக்காமல் கையே வைக்கக்கூடாது.

---

அனுப்புநர்: குளிர்பதனத் துறை ஆசிரியர், கோவை

இன்னொன்றும் சேருங்கள். கம்ப்ரசர் ஏறக்குறைய 500 வாட் எடுத்து 1500 வாட் வெப்பம் தருகிறது. 12 யூனிட்டுக்கு எட்டு மணி நேரம் ஆகும். எரிவாயு ராங்க் போல ஒரு மணியில் மீளும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். நால்வருக்கு மேல் உள்ள வீட்டில் 189க்குப் பதில் 246 அல்லது 303 லிட்டர் வாங்கச் சொல்லுங்கள்.

அனோட் ராடு: மக்னீசியமோ அலுமினியமோ. உருக்குக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுகிறது. "தியாக நேர்மின்முனை" என்று நூலில் உண்டு. நான் "அரிபடு கோல்" என்பேன். எதற்கு இருக்கிறது, எப்போது மாற்றவேண்டும் என்பது இரண்டும் அதில் தெரியும்.

---

அனுப்புநர்: தமிழாசிரியர், மதுரை

அரிபடு கோல் அருமை. "படு" செயப்பாட்டுப் பொருளைத் தர, கோல் என்ற வடிவமும் வந்துவிட்டது. சேமச் செப்பைக் கைவிட மனமில்லை. ஆனாலும் செப்பு–செம்பு மயக்கம் உண்மையானது என்று ஒப்புக்கொள்கிறேன். "வெப்ப இறைப்பி" எனக்குச் சம்மதம். "வெப்ப" என்பதை அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும், இங்கே உயிர் வருவதால் அந்தத் தொல்லையும் இல்லை.

---

அனுப்புநர்: குழாய் வேலைக்காரர், மார்க்கம்

"வெப்ப இறைப்பி நீர்சூடாக்கி"யிலும் அதே கோளாறுதான், ஐயா. இறைப்பதும் இருக்கிறது, நீரும் பக்கத்திலேயே இருக்கிறது. நீர் இறைக்கும் மெஷின் என்றுதான் வாசிப்பார்கள். "காற்று" என்ற சொல்லைப் போடுங்கள். சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் ஏன் பெரிய அறை வேண்டும், ஏன் காற்று வடிகட்டியைக் கழுவவேண்டும் என்பதும் தெரியும். "காற்றுவெப்ப நீர்சூடாக்கி".

---

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், ஸ்காபரோ

நேரமில்லாததால் நானே முடிவெடுத்துக்கொள்கிறேன். கையேட்டில் "காற்றுவெப்ப நீர்சூடாக்கி". தலைப்பிலும் முதல் பக்கத்திலும் பக்கத்திலேயே "ஹீட் பம்ப்". கடையில் கேட்கும் பெயர் அதுதான். அனோட்: அரிபடு கோல். ரிலீஃப் வால்வ்: அழுத்த விடுப்பு வால்வு. மிக்சிங் வால்வ்: கலப்பு வால்வு. தொட்டியில் 60 பாகை வைத்து லெஜியோனெல்லா கிருமியை அடக்குவது, குழாயில் 49 பாகைக்கு மேல் வராமல் கலப்பு வால்வு காப்பது என்று இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டேன். "வெப்ப இறைப்பி" பின்னிணைப்பில் இருக்கும்.

---

அனுப்புநர்: பௌதிக ஆசிரியர், யாழ்ப்பாணம்

பின்னிணைப்பில் போடுவதை ஏற்கமாட்டேன். வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் இருக்கிறது. நிலத்தில் குழாய் புதைத்து மண்ணிலிருந்து வெப்பம் எடுப்பதும் இருக்கிறது. உடுப்பு உலர்த்தும் மெஷினிலும் அதே சுழற்சிதான். மண்ணிலிருந்து எடுப்பதை அடுத்த கையேட்டில் "காற்றுவெப்ப" என்று எழுத முடியுமா? தாய்ச்சொல் இல்லாமல் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கப்பெயர் வைத்துக்கொண்டு போனால், பிள்ளைக்கு வகுப்பில் இவை யாவும் ஒரே தத்துவம் என்று காட்ட வழியிருக்காது. கையேடு உங்கள் விருப்பப்படி போகட்டும். சொற்பட்டியலில் மட்டும் "வெப்ப இறைப்பி" தலைச்சொல்லாகவும், அதன் கீழ் "காற்றுவெப்ப நீர்சூடாக்கி" ஒரு வகையாகவும் வரவேண்டும். வெள்ளிக்கு முன் அந்த ஒரு வரியை மாற்றித் தாருங்கள்.