சமயத்தைப் பாடமாகப் படித்தவர்களே, உங்களிடம் என்ன கேட்டார்கள்?

சமயவியல் முதுகலையில் சேர்ந்ததிலிருந்து என்னைத் துரத்துவது இரண்டே கேள்விகள். பக்தி உள்ளவர்கள், "துறவியாகப் போறியா?" என்கிறார்கள். கடவுள் இல்லை என்பவர்கள், "இதுக்கெல்லாமா பட்டம்?" என்கிறார்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நம்பலாமா கூடாதா என்று எங்கள் வகுப்பு தீர்ப்புச் சொல்வதில்லை. மனிதர்கள் எதைப் புனிதம் என்கிறார்கள், அது அவர்கள் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதுதான் பாடம். 1870-லேயே மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் லண்டனில் இதை ஓர் அறிவியலாக முன்வைத்து உரையாற்றினார். ஒரே ஒரு சமயத்தை அறிந்தவர் எதையும் அறியாதவர் என்பது அவர் கட்சி. 1967-ல் சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே தொடங்கிவிட்டார். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்களேன்.

*

நான் இந்தப் பாடம் நடத்துகிறவள். முதல் களப்பணிக் கட்டுரையில் எல்லாரும் "மக்கள் பக்தியோடு வணங்கினார்கள்" என்றுதான் எழுதுவார்கள். "பக்தியோடு" என்பதன் கீழே கோடு போட்டு, "இதை எங்கே பார்த்தீர்கள்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். மறுபடி போய்விட்டு வந்த ஒரு மாணவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: ஒரு பாட்டி கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது, ஒரு கை பேரனின் சட்டைக் காலரை விடாமல் பிடித்திருந்தது. இப்படிப் பார்க்கப் பழகியவர்கள் யாருடைய நம்பிக்கையையும் அவ்வளவு சுலபத்தில் எள்ளி நகையாட மாட்டார்கள்.

*

மேடம் சொல்வது உண்மை. ஆனால் என்னைப் போல ஆழ்ந்த நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு வலியும் உண்டு. சமூகம் தன்னைத்தானே வணங்குவதே சமயம் என்கிற பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைமின் வாதத்தைப் படித்தபோது கொதித்துப் போனேன். ஆசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார். "முதலில் துர்க்கைமே ஏற்றுக்கொள்ளும்படி அவர் வாதத்தைச் சொல்லுங்கள், அப்புறம் மறுக்கலாம்" என்றார். அதற்காக உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகளை வைத்து 1912-ல் அந்த நூலை வெளியிட்டவர் அங்கே போனதே இல்லை. அங்கே நேரில் ஆய்வு செய்த ஸ்பென்சர், கில்லன் போன்றவர்களின் பதிவுகளை வைத்தே எழுதியிருக்கிறார். மறுப்புக்கு நல்ல பிடி கிடைத்தது. ஆனால் கூட்டு வழிபாட்டில் எழும் அந்தப் பரவசத்தைப் பற்றி அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. நானே அதை அனுபவித்தவன்.

இப்போதும் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். அடுத்த பருவத்தில் என் சொந்தச் சமய நூலின் சுவடி வரலாற்றை எடுக்கப் போகிறேன். நம்பிக்கையோடு அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் யாராவது இருந்தால், எங்கிருந்து தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.