ரிகோ கொப்பி மெஷினின் அட்மின் பாஸ்வேர்ட் தெரியவில்லை, உதவி தேவை

வணக்கம். ஹட்டனில் எங்கள் சங்க அலுவலகத்தில் ரிகோ எம்பி 2501 எஸ்பி போட்டோகொப்பி மெஷின் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் ரீகண்டிஷனாக வாங்கியது, பில் கையில் உண்டு. செட் பண்ணித் தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கவில்லை.

போன வாரம் ரவுட்டரை மாற்றியதில் மெஷினின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் எண்) பொருந்தவில்லை. அதைத் திருத்த அட்மின் லாகின் கேட்கிறது. கொப்பி மட்டும் எடுக்கிறது. பிரிண்ட், ஸ்கேன் இரண்டும் நின்றுவிட்டன. தோட்டத்து ஆட்கள் ஈபிஎஃப் படிவம், பிறப்புச் சான்றிதழ் என்று எங்களிடம்தான் வருகிறார்கள். நேற்று ஒரு அம்மா மழையில் நனையாமல் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த பைலை, ஸ்கேன் பண்ண முடியாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை.

யூசர் பெயர் இடத்தில் அட்மின் என்று போட்டு பாஸ்வேர்டை வெறுமையாக விட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. மெஷினிலேயே இருக்கும் சூப்பர்வைசர் என்ற இன்னொரு கணக்கில் நுழைந்தால் அட்மின் பாஸ்வேர்டை மாற்றலாம். ஆனால் அதன் பாஸ்வேர்டையும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு இரவு வயரைக் கழற்றியும் வைத்தேன். கம்ப்யூட்டரை நேரே கேபிளில் இணைத்து பிரவுசர் வழியாகப் போனாலும் அதே லாகின்தான். விற்ற கடை போன் எடுப்பதில்லை.

மெஷினில் சேமித்துள்ள அட்ரஸ் புக் அழியாமல் இந்த இரண்டு பாஸ்வேர்டையும் ரீசெட் செய்யத் தெரிந்த டெக்னீஷியன் ஹட்டன், நுவரெலியா, கண்டி பக்கம் யாராவது இருக்கிறார்களா?