ஏற்காட்டுல தடம் போடறவங்களுக்குக் கோடை விழாவில் விருது: வேணுமா, வேணாமா?

ஒண்டிக்கடை_வாசி:
கோடை விழாவுல பூவுக்குப் பரிசு, நாய்க்குக்கூடப் பரிசு. மலைத்தடத்தை வெட்டிச் சீர் பண்றவங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லை. அமெரிக்காவுல அப்பலாச்சியன் தடம்னு மலைவழியா நடந்து போற பாதை, சுமார் 3,500 கிலோமீட்டர். பென்டன் மெக்காய்ங்கறவர் 1921-ல யோசனை சொன்னார், 1937-ல முழுசா இணைஞ்சுது. இன்னிக்கும் அதைப் பராமரிக்கறது பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். அந்தத் தடத்துக்கு உழைச்சவங்களைக் கௌரவிக்க 2011-ல இருந்து தனியா ஒரு புகழ்ப்பட்டியலே இருக்கு. நாமளும் வருஷத்துக்கு ரெண்டு பேரை மேடையேத்தினா என்ன? அப்படிக் கேட்டு ஒரு மனு குடுக்கலாம்னு இருக்கேன்.

சூரமங்கலம்_சந்துரு:
பொன்னாடை யார் தோள்ல விழும்னு இப்பவே சொல்லட்டா? ஞாயித்துக்கிழமை ஒரே கலர் பனியன்ல வந்து பேனர் பிடிக்கற குழுவுக்குத்தான். 1820-கள்ல ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் பேர் ஊருக்கே தெரியும். அந்தக் காலத்துல மலையில தடம் வெட்டினவன் ஒருத்தன் பேராவது தெரியுமா? இப்பவும் அதே கதைதான் நடக்கும்.

வனம்_காப்போம்:
விருது இருக்கட்டும், தடமே வேணாம்ங்கறேன். காப்புக்காட்டுல, அதாவது அரசு பாதுகாக்கற காட்டுல, அனுமதி இல்லாம அரிவாளோட நுழைஞ்சா 1882 வனச் சட்டப்படி குற்றம். அதுக்கா மாலை? ஒத்தையடிப் பாதை தெரிஞ்சா அடுத்த வாரமே பாட்டிலும் சிப்ஸ் கவரும் வந்துடும். காட்டெருமை நடமாடற இடம் வேற. 2018 மார்ச்சுல தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 23 பேர் செத்தாங்க, மறந்துடாதீங்க.

காபித்தோட்டம்:
குரங்கணியைச் சொல்லி எல்லாத் தடத்தையும் மூடினா எப்படிங்க? அதுக்கப்புறம் விதி வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துச்சு, நம்ம மாவட்டமும் அதுல உண்டு. ஆன்லைன்ல பதிவு, கூட வழிகாட்டிங்க உள்ளூர்ப் பசங்க.

அப்புறம் தடம் போடறதுன்னா செடியை வெட்டறது மட்டும்னு நினைச்சுட்டீங்க. பெருமழை அடிச்சு ஓஞ்சதும் எங்க தோட்டத்து மேல்தடத்துக்கு வந்து பாருங்க. தண்ணி பாதையையே வாய்க்காலா ஆக்கிட்டு ஓடும். ரெண்டு மழைக்குக் கவனிக்காம விட்டா முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அதனால தடத்துக்குக் குறுக்கே, நேரா இல்லாம சாய்வா, கல்லைப் பாதி புதைச்சு வெப்பாங்க. தண்ணி கல்லுல முட்டிச் சரிவுப் பக்கம் இறங்கிடும். நேரா வெச்சா கல்லுக்குப் பின்னாடி சேறு கட்டும், மனுஷன் ஓரமா நடந்து புதுசா ஒரு பள்ளம் போடுவான். இந்தச் சாய்வு கைப்பழக்கத்துல வர்றது. பாதையை அடைக்கற உண்ணிச்செடியையும் வேரோட பிடுங்கணும், மேலால வெட்டினா மறுபடி தழைச்சுடும். இவ்வளவும் பண்றவர் எங்க பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். அவருக்கு மேடை குடுத்தா என்ன தப்பு?

வனம்_காப்போம்:
உங்க தோட்டத்துக்குள்ள தாராளமாக் குடுங்க. நான் பேசறது காட்டைப் பத்தி.

சூரமங்கலம்_சந்துரு:
காபித்தோட்டம் அண்ணே, அவருக்கு மொதல்ல நாள் கூலி, ஒரு ஜோடி நல்ல பூட்ஸ், இன்சூரன்ஸ். பேரை அப்புறம் மைக்குல வாசிங்க, நானே கைதட்டறேன்.

ஒண்டிக்கடை_வாசி:
கூலி உரிமைங்க, விருது மரியாதை. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை ஏன் தள்ளிப் போடணும்?

சூரமங்கலம்_சந்துரு:
சரி, ஒத்துக்கறேன்னே வெச்சுக்குவோம். பேரைப் பரிந்துரைக்கறது யாரு? மலைக் கிராமத்து ஊர்க்கூட்டமா, சேலத்துல ஏசி ரூம்ல உக்காந்திருக்கற கமிட்டியா? அதுக்குப் பதில் வரட்டும்.

ஒண்டிக்கடை_வாசி:
ஊர்க்கூட்டம்தான். மனுவுல முதல் வரியே அதுதான் இருக்கும்.

வனம்_காப்போம்:
ரெண்டாவது வரியில வனத்துறை அனுமதின்னு போடுங்க. இல்லைன்னா எதிர் மனு என்கிட்ட இருந்து வரும்.