ஆரியங்காவு தாண்டினால் வேற மழை: செங்கோட்டை, புனலூர் அளவை எப்படி ஒப்பிடுவது?

செங்கோட்டை வடக்குத்தெரு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஆனி, ஆடியில் கேரளத்துப் புனலூர்ச் சொந்தக்காரங்க "இன்னைக்கு இங்க 70 மில்லி" என்கிறார்கள். அதே நாள் செங்கோட்டை மொட்டைமாடியில் இருக்கும் மழைமானி 3 மி.மீ. காட்டுகிறது. ஆனால் சாரல் காலையிலிருந்து விட்டபாடில்லை, கொடியில் போட்ட துணி காயவே இல்லை. ரயிலில் போனால் சுமார் 50 கிலோமீட்டர்தான். இவ்வளவு வித்தியாசம் நிஜமா, அளக்கிறதில் கோளாறா?

மானி: 160 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு, உள்ளே புனல், கீழே 2 லிட்டர் பாட்டில். சமையல் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, 20 மில்லி தண்ணீர் என்றால் 1 மி.மீ. என்று கணக்கு. அங்கே இருப்பதும் இதே அமைப்புதான், ஆனால் முற்றத்தில் தரையில் வைத்திருக்கிறார்கள். மற்ற எல்லையோர ஊர்க்காரர்களும் உங்கள் பக்கம் எப்படி என்று சொல்லுங்கள்.

மேக்கரைச் சாரல்

அண்ணாச்சி, வித்தியாசம் பெரும்பாலும் நிஜம். அளக்கிறதிலும் கோளாறு இருக்கு. முதலில் மானியைச் சரிபண்ணிருவோம், இல்லேன்னா மீதிப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

160 என்பது குழாயின் வெளிவிட்டம். மழையைப் பிடிப்பது உள்வாய். சுவர்த் தடிப்பு போக உள்ளே எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். 15.2 செ.மீ. வருகிறது என்று வைப்போம். ஆரம் 7.6, பரப்பு 7.6 × 7.6 × 3.14 = 181 சதுர செ.மீ. ஒரு மி.மீ. மழைக்கு 18.1 மில்லி. நீங்கள் 20 ஆல் வகுப்பதால் 100 மி.மீ. மழை 90 ஆகத் தெரியும். இரண்டு ஊரிலும் இதே தப்பு என்றால் ஒப்பீடு கெடாது. ஆனால் அரசு மானியோடு ஒப்பிட்டால் கெடும்.

அடுத்து பாட்டில். 2 லிட்டர் 110 மி.மீ.யோடு நிரம்பி வழிந்துவிடும். வானிலைத் துறை மிகக் கனமழை என்று சொல்வது 115.6 மி.மீ.யில் ஆரம்பிக்கிறது. அப்படியானால் புனலூர் மானி மிகக் கனமழையைக் காட்டவே காட்டாது. அங்கே 5 லிட்டர் கேன் வைக்கச் சொல்லுங்கள், அதை ஒரு வாளிக்குள் நிறுத்தினால் வழிந்ததும் வீணாகாது. செங்கோட்டைக்குப் பிரச்சினை வேற: சமையல் அளவுக் குவளையில் ஒரு கோடு 50 மில்லி, அதாவது கிட்டத்தட்ட 2.8 மி.மீ. சாரலை அதில் அளக்க முடியாது. 10 மில்லி ஊசிக்குழாய் வாங்கி உறிஞ்சி அளங்கள், ஒரு முழுக் குழாய் அரை மி.மீ.யை ஒட்டி வரும்.

இடம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரில் மோதுகிற காற்று மேலே எழும்பும், சாரல் துளி அதோடு பறந்து குழாயைத் தாண்டிப் போகும். பெருந்துளி விழுந்துவிடும், சாரல் விழாது. ஆகவே உங்கள் 3 மி.மீ. நிஜத்தில் கூடுதலாக இருக்கலாம். தரையில் வையுங்கள், குழாய் விளிம்பு மண்ணிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வரணும், ரசமட்டம் வைத்துச் சரி பாருங்கள். பக்கத்தில் 15 மீட்டர் தென்னை நின்றால் குறைந்தது 30 மீட்டர் தள்ளி. தோப்பு வீட்டில் இது நடக்காது, அப்போ திறந்த வயலோரம் யாராவது இடம் கொடுத்தால் அங்கே வையுங்கள். புனலின் மேல்விளிம்புக்கு மேலே குழாய் ஒரு சாண் நிற்கட்டும், இல்லாவிட்டால் தெறித்து வெளியே போகும். புனல் கழுத்தில் பிளாஸ்டிக் வலை, இலை அடைக்காமல் இருக்க.

நேரம்: காலை 8.30. அப்போது எடுத்த அளவை அன்றைய தேதியில் எழுதுவதுதான் வானிலைத் துறை வழக்கம். 14ஆம் தேதி சாயங்காலம் கொட்டிய மழை 15இல் ஏறும். இரண்டு ஊர்க்காரர்கள் சண்டை போடுவது பாதி இதனால்தான்.

இனி காரணம். தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது காற்று சூடேறி மேகம் கலையும். ஆரியங்காவில் மலை தணிந்து கணவாய் இருப்பதால் மிச்ச மேகம் நமக்குச் சாரலாக வருகிறது. நாள் முழுக்க நனைந்தும் 2.5 மி.மீ. வராவிட்டால் துறைக் கணக்கில் அது மழை நாளே இல்லை. துணி காயாதது மழையளவால் அல்ல, வெயில் இல்லாமல் ஈரக்காற்று நிற்பதால். இன்னொன்றையும் சொல்லணும்: ஊரில் மானி சும்மா இருக்கும்போதே குற்றாலத்தில் வெள்ளம் வரும், ஏனென்றால் அருவிக்குத் தண்ணீர் மேலே மலையில் பெய்வது. ஊரில் வெயில் அடிக்கிறது என்று பார்த்து அருவிக்குப் போகக்கூடாது.

கொழிஞ்சாம்பாறை

எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறாகத் தோன்றும். மாநிலம் கேரளம், ஆனால் மழை குறைவு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஏற மலை இல்லையென்றால் மேகம் பிழிய வழியில்லை, காற்று மட்டும் உள்ளே பாயும். அதனால் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழைமறைவுப் பகுதி. பனைமரம் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். பொள்ளாச்சிக்காரர்கள் ஜூன், ஜூலையில் அனுபவிக்கும் குளிர்காற்று இந்த வழியாகத்தான் போகிறது.

கார்த்திகையிலிருந்து காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வரும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். உலர்ந்த காற்று, உதடு வெடிக்கும், நாற்றங்கால் ஒரே நாளில் காயும். அந்த மாதங்களில் மழையை விட்டுவிட்டு ஈரப்பதத்தை ஒப்பிடுங்கள். அதற்கு இரண்டு வெப்பமானி போதும்: ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, விசிறியால் ஐந்து நிமிடம் வீசிவிட்டுப் படியுங்கள். துணி காய்ந்தால் அளவு பொய்.

"பாலக்காட்டில் 40, கொச்சியில் வெறும் 34" என்று பேசுவதற்கும் இதுதான் பதில். 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரத்துணி வெப்பமானி சுமார் 24 காட்டும். 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29. இரண்டாவதில்தான் வியர்வை ஆறாது, உடம்பு அதிகம் தவிக்கும்.

நாள்காட்டிப் பேச்சிலும் கவனம் வேண்டும். மே மாத அக்னி நட்சத்திரக் கணக்கு இங்கே ஒத்துவராது. உச்ச வெயில் மார்ச், ஏப்ரலில். மே மாதம் கோடை இடிமழை வந்து சூட்டை இறக்கிவிடும். மலையாளத்துக்காரர் இடவப்பாதி என்றால் வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவம், துலாவர்ஷம் என்றால் ஐப்பசி மழை. துலாவர்ஷம் அங்கே பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். செங்கோட்டையின் கிழக்கே அதே ஐப்பசியில் ராத்திரியும் பகலும் அடைத்துப் பெய்யலாம்.

தோவாளை

குமரி மாவட்டத்தில் எல்லையைத் தாண்ட வேண்டியதே இல்லை. மேற்கே குலசேகரம் ரப்பர் தோட்டம், கிழக்கே ஆரல்வாய்மொழி வறண்ட காற்று, இரண்டும் ஒரே மாவட்டம். இரண்டு பருவமும் கிடைப்பதால் வருஷ மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. ஜூன்–செப்டம்பர் தனி, அக்டோபர்–டிசம்பர் தனி என்று இரண்டு பத்தியாக எழுதுங்க. முப்பந்தல் காற்றாலைப் பக்கம் மானி வைத்தால் மேக்கரைக்காரர் சொன்ன காற்றுக் கோளாறு ரொம்பக் கூடும்.

ஊத்துக்கோட்டை

இங்கே ஆந்திர எல்லை. ஆடி, ஆவணியில் பகலெல்லாம் வெயில், சாயங்காலம் நகரி மலைப் பக்கம் இருட்டி இடி, பிறகு கிழக்கே நகர்ந்து வரும். ஒரு ஊரில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ., பக்கத்து ஊரில் சொட்டு இல்லை என்பது சகஜம். ஆகவே ஒற்றை மானியை வைத்துப் பகுதியைப் பேசக்கூடாது. மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம் இரண்டையும் குறியுங்கள். எங்களுக்கு மொத்தத்தைவிட வேகம்தான் முக்கியம். வடகிழக்குப் பருவத்தில் கவலை வேற: உள்ளூர் மானி 10 காட்டினாலும் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணி ஆற்றுத் தரைப்பாலம் மூழ்கும். பள்ளிப்பட்டுக்காரர்கள் இதேபோல அம்மப்பள்ளி அணையைப் பார்ப்பார்கள். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கத்து அளவு தினமும் நமக்கு வேணும்.

செங்கோட்டை வடக்குத்தெரு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உள்வாய் அளந்தேன், 15.2தான். இந்த வருஷம் இதுவரை எழுதிவைத்த அளவுகளைத் திருத்தலாமா?

மேக்கரைச் சாரல்

20 ஆல் வகுத்ததை 18.1 ஆக மாற்ற, ஒவ்வொரு அளவையும் 1.1 ஆல் பெருக்கினால் போதும் அண்ணாச்சி. புனலூரில் 100ஐ ஒட்டி எழுதிய நாட்களை மட்டும் "பாட்டில் நிரம்பியது" என்று குறித்துவிட்டு விடுங்கள், அது எவ்வளவு வழிந்தது என்று இனித் தெரியாது. மாடியில் காற்று அடித்துக்கொண்டு போனதையும் பெருக்கித் திருப்ப முடியாது, ஏனென்றால் அது தினம் ஒரு மாதிரி. மானியைக் கீழே இறக்கிய தேதியில் நோட்டில் ஒரு கோடு போட்டு, அதற்குப் பிறகு வரும் சாரல் நாட்களை மட்டும் புனலூரோடு வைத்துப் பாருங்கள்.